சுவிட்சில் கை வைக்காதே!

ஆபீஸில் எந்த மெஷின் நின்றாலும் நம்மவர்களிடம் இருப்பது ஒரே ஒரு வைத்தியம்தான். அணைத்துப் போடுவது. பிரிண்டர் மக்கர் பண்ணுகிறதா, அணைத்துப் போடு. நெட் வரவில்லையா, அந்தச் சிவப்பு விளக்குப் பெட்டியை அணைத்துப் போடு. பத்துக்கு ஒன்பது தடவை இது பலிக்கவும் செய்கிறது என்பதுதான் கொடுமை. இந்த வாரம் அந்தப் பத்தாவது தடவையைப் பற்றி.

கறுப்புத் திரை தெரியுமல்லவா? சினிமாவில் வில்லனின் கையாள் கண்ணாடி போட்டுக்கொண்டு டகடகவென்று தட்டி அரை நிமிஷத்தில் பாங்க்கைக் காலி செய்வானே, அதே திரை. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. ஒரு டாலர் குறி, பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கட்டம். அவ்வளவே. கட்டளையை எழுத்தாக அடித்தால் வேலை நடக்கும். இந்தச் சமாசாரத்துக்கு ஷெல் என்று பெயர். லினக்ஸ் மெஷின்களில் பெரும்பாலும் பாஷ் என்கிற ஷெல். ரிசப்ஷனில் கண்ணாடிக் கதவும் மீன் தொட்டியுமாக ஜொலிக்கிற கம்பெனிகள் பலவற்றின் பின்கட்டில் வேலை பார்ப்பது இதுதான்.

கட்டளைகள் சில சமயம் ரயில் மாதிரி நீளும். யார் மனப்பாடம் செய்வது? 1971ல் கென் தாம்ஸன் எழுதிய முதல் யூனிக்ஸ் ஷெல்லுக்கு ஞாபகம் என்பதே கிடையாது. ஓர் எழுத்து தப்பினால் முழுசையும் மறுபடி அடிக்க வேண்டியதுதான். 1970களின் இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல்லில்தான் ரெண்டு ஆச்சரியக்குறி போட்டால் போன கட்டளை திரும்ப ஓடும் என்ற சௌகரியம் வந்தது. அப்புறம் 1989ல் பிரையன் ஃபாக்ஸ் என்பவர் பாஷை எழுதினார். மேல் அம்புக்குறியை அழுத்தினால் போன கட்டளை, இன்னொரு தடவை அழுத்தினால் அதற்கும் முந்தியது. ரொம்பப் பழசு வேண்டுமென்றால் கன்ட்ரோலையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஞாபகம் இருக்கிற ரெண்டு எழுத்தை அடித்தால் போதும். அந்த எழுத்துள்ள பழைய கட்டளை வந்து நிற்கும். அது இல்லையா, மறுபடி கன்ட்ரோல்-ஆர்.

இதன் பலனாக உலகம் முழுக்க 'மேல் அம்பு உத்தியோகஸ்தர்' என்று ஒரு புது ஜாதி உண்டாகிவிட்டது. இவர்கள் எதையும் எழுதி வைக்க மாட்டார்கள். கேட்டால், 'மெஷினே வெச்சிருக்கு சார்' என்பார்கள். வெச்சிருக்குதான். எங்கே வெச்சிருக்கு, எத்தனை நாளைக்கு வெச்சிருக்கும் என்பதில்தான் சங்கதி.

அடியேன் பி.காம். நாலு கம்பெனிக்குக் கணக்கு எழுதுவேன். அதே நாலு கம்பெனியின் கம்ப்யூட்டர் படுத்தால் எழுப்பியும் விடுவேன். கணக்குப்பிள்ளை பாஷையிலேயே சொல்கிறேன். பாஷ் என்பது ஒரு விசித்திரமான குமாஸ்தா. நாள் பூராவும் நடக்கிற வியாபாரத்தை மனசுக்குள்ளேயே குறித்துக்கொள்வார். பேரேட்டில் ஒரு வரி ஏற்ற மாட்டார். சாயந்திரம் கடையைச் சாத்தும்போதுதான் மொத்தத்தையும் எழுதுவார். அதாவது, நீங்கள் எக்ஸிட் கொடுத்து வெளியேறும்போதுதான் ஞாபகம் எல்லாம் கோப்பில் ஏறும். நடுவில் குமாஸ்தாவுக்கு மாரடைப்பு வந்தால்? அதாவது கரன்ட் போனால்? அன்றைய கணக்கு அவரோடு போய்ச் சேர்ந்தது.

இன்னொரு கூத்து. ஒரே மெஷினில் ரெண்டு திரை திறந்தால் ரெண்டு குமாஸ்தா. ஒருவர் மனசில் இருப்பது அடுத்தவருக்குத் தெரியாது. பங்காளிகள்தான், பேச்சுவார்த்தை கிடையாது.

இதைத் தெரிந்துகொண்டால் சென்ற மழைக்காலத்து ராத்திரிக் கதை புரியும்.

திருவொற்றியூரில் சாத்தாங்காடு பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. பெயர் வேண்டாம். சரக்கை இறக்கிய பிறகு காலிப் பெட்டியைக் கப்பல் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமல்லவா? அது இங்கே வந்து சேரும். பெட்டி கேட்டுக்குள் நுழைந்ததும் 'வந்துவிட்டது' என்று கப்பல் கம்பெனிக்கு ஒரு கோப்பு போக வேண்டும். கோடெகோ என்று அதற்குப் பெயர். உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் பொதுவாக வகுத்த மின்னணு வடிவங்களில் ஒன்று. அந்தக் கோப்பு போகாவிட்டால் கப்பல் கம்பெனிக் கணக்கில் பெட்டி இன்னும் இறக்குமதியாளர் கையில்தான். நாள் கணக்கில் டிடென்ஷன் ஏறும். (டெமரேஜும் டிடென்ஷனும் ஒன்றல்ல. துறைமுகத்துக்குள்ளேயே பெட்டி தூங்கினால் டெமரேஜ். வெளியே எடுத்துப் போய் நேரத்துக்குத் திருப்பித் தராவிட்டால் டிடென்ஷன். இதைத் தெரியாமலேயே ரெண்டையும் கட்டுகிற முதலாளிகளை எனக்குத் தெரியும்.)

அந்த யார்டில் கோடெகோ தினமும் தானாகவே போய்விடும். என்றைக்காவது லைன் அறுந்து போகாமல் நின்றுவிட்டால், விட்டுப்போன தேதிக்கு மட்டும் கையால் மறுபடி அனுப்ப ஒரு கட்டளை உண்டு. அதை அறிந்தவர் ஒரே ஒருவர். சீனியர். அவர் மேல் அம்பு ஜாதியில் உயர்குலம். ரெண்டு மாசம் முன்பு ஷார்ஜாவில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது கேக் வெட்டினார்கள், கடிகாரம் கொடுத்தார்கள். கட்டளையை யாரும் கேட்டு வாங்கவில்லை.

மிச்சம் இருந்தது காலடிப்பேட்டைப் பையன் ஒருவன். எங்களுக்குப் பழக்கப்பட்ட குடும்பம். அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர், அக்கா கல்யாணக் கடன் பாக்கி. வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம். மழையில் லைன் போய் ரெண்டு நாள் கோப்பு நின்றுவிட்டது. 'காலைல பத்து மணிக்குள்ள போவலன்னா நீ வீட்டுக்குப் போலாம்' என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ராத்திரி ஒன்பதரைக்கு எனக்கு போன்.

"அண்ணா, மெஷின் செத்துப் போச்சுண்ணா. எத்த அமுக்குனாலும் அசைய மாட்டேங்குது. ஆஃப் பண்ணிப் போட்டுரட்டா?"

"தம்பி, சுவிட்ச்ல கை வைக்காதே! கடைசியா என்ன அமுக்கினே?"

"சீனியர் அண்ணன் அடிச்ச கட்டளையத் தேடிகினு இருந்தேன். கன்ட்ரோல் ஆர் அமுக்கிகினே வந்தனா, ஏதோ ஒண்ணு தாண்டிப் போயிட்ட மாதிரி இருந்துச்சு. முன்னாடி வர்றதுக்கு கன்ட்ரோல் எஸ்ஸுன்னு நெட்டுல போட்டிருந்தான். அமுக்கினேன். அவ்ளோதான்."

"அதுக்கப்புறம் என்டர் தட்டினியா?"

"இல்லண்ணா. எஸ்கேப்பு மட்டும் ஒரு நாலு தபா."

அப்பாடா. "சரி. கன்ட்ரோலையும் க்யூவையும் சேர்த்து அமுக்கு."

ரெண்டு செகண்டு மௌனம். "அண்ணா! உசிரு வந்துருச்சுண்ணா!"

மந்திரம் ஒன்றுமில்லை. கதை 1963க்குப் போகிறது. அந்த வருஷம் அமெரிக்காவில் டெலிடைப் மாடல் 33 என்று ஓர் இயந்திரம் வந்தது. டைப்ரைட்டருக்குத் தம்பி மாதிரி இருக்கும். செகண்டுக்குப் பத்து எழுத்து, காகிதத்தில் அடிக்கும். பக்கத்தில் ஓட்டை போட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவி. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் இதன் முன்னால் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார்கள். எதிர்ப்பக்கம் வேகமாக அனுப்பி, இந்தப் பக்கம் திணறினால் 'நிறுத்து' என்று சொல்ல ஒரு சைகை: கன்ட்ரோல்-எஸ். 'இனி அனுப்பலாம்' என்பதற்குக் கன்ட்ரோல்-க்யூ. டெலிடைப் போய், அதற்கப்புறம் வந்த கண்ணாடி டெர்மினலும் போய், இன்றைக்கு எல்லாமே மென்பொருள். சைகை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. ரயில் போய் அரை மணியாகியும் திறக்காத கொருக்குப்பேட்டை லெவல் கிராஸிங் கேட் மாதிரி.

பாஷ் எழுதியவர்கள் பின்னால் தேடக் கன்ட்ரோல்-ஆர், முன்னால் தேடக் கன்ட்ரோல்-எஸ் என்று வைத்தார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த எஸ், பாஷின் காதுக்குப் போவதற்கு முன்பே டெர்மினல் பிடுங்கிக்கொண்டு கேட்டை மூடிவிடுகிறது. மெஷின் சாகவில்லை. பேசாமல் நிற்கச் சொன்னதால் நிற்கிறது. அவ்வளவுதான்.

நிற்கிற நேரத்தில் நீங்கள் அடிப்பதெல்லாம் கேட்டுக்கு வெளியே க்யூவில் காத்திருக்கும். திறந்ததும் மொத்தமாக உள்ளே பாயும். தேடல் பாதியில் நிற்கும்போது ஆத்திரத்தில் என்டர் தட்டியிருந்தால், கேட் திறந்த நொடியில் தேடலில் கடைசியாகத் தட்டுப்பட்ட பழைய கட்டளை ஓடியிருக்கும். அது கோப்பை அனுப்புகிற கட்டளையாக இருந்தால் பரவாயில்லை. அழிக்கிற கட்டளையாக இருந்தால்? அதனால்தான் முதலில் என்டரைப் பற்றிக் கேட்டேன். வடசென்னைப் பையன், கோபம் வந்தும் என்டர் தட்டாமல் எஸ்கேப்போடு நிறுத்தினானே, அதைச் சொல்லுங்கள்.

பைக்கை எடுத்துக்கொண்டு ராயபுரத்திலிருந்து கிளம்பினேன். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. மழைத் தண்ணியில் பள்ளம் எது, ரோடு எது என்று தெரியவில்லை. போய்ச் சேர்ந்தால் பையன் அழாத குறை.

"கன்ட்ரோல் ஆரு நல்லாத்தான் வேல செய்யுதுண்ணா. ஆனா அந்தக் கட்டளை மட்டும் இல்ல. யாரோ அழிச்சிட்டாங்கண்ணா."

யாரும் அழிக்கவில்லை. அந்த மெஷினில் ஜன்னல் எல்லாம் கிடையாது. எழுத்துத் திரை மட்டும்தான், ஆனால் ஆறு திரை. ஆல்ட்டையும் எஃப்-ஒன்றையும் அமுக்கினால் ஒண்ணாம் நம்பர், எஃப்-ரெண்டு என்றால் ரெண்டாம் நம்பர். பையன் சேர்ந்த நாளிலிருந்து உட்கார்ந்திருப்பது ரெண்டாம் நம்பரில். சீனியர்?

"அவரு ஒண்ணுலதான் இருப்பாரு. அத நான் தொட்டதே இல்லண்ணா."

ஆல்ட், எஃப்-ஒன்று. சீனியர் ஷார்ஜா போயும் அவருடைய குமாஸ்தா கடையைச் சாத்தாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்! யு.பி.எஸ். புண்ணியத்தில் மாசக்கணக்காக மெஷின் அணையவில்லை. சீனியர் எக்ஸிட் கொடுக்காமலே விமானம் ஏறிவிட்டார். அவர் அடித்த கட்டளைகள் அத்தனையும் அந்த ஒண்ணாம் நம்பர் திரையின் மனசில் மட்டும் இருந்தன. பேரேட்டில் ஒரு வரி இல்லை. பையன் ஒன்பதரைக்குச் சுவிட்சை அணைத்திருந்தால் காலையில் ஷார்ஜாவுக்குத்தான் போன் போட்டிருக்க வேண்டும். அவருக்கும் ஞாபகம் இருக்காது. இருந்திருந்தால் கன்ட்ரோல்-ஆர் எதற்கு?

முதல் காரியமாக 'ஹிஸ்டரி' என்று அடித்து, இடம் விட்டு 'மைனஸ் ஏ' போட்டேன். 'மனசில் உள்ளதை இப்போதே பேரேட்டில் ஏற்று' என்று அர்த்தம். தேடுவது அப்புறம்.

கப்பல்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். விமானத்துக்குக் கறுப்புப் பெட்டி மாதிரி கப்பலுக்கும் ஒரு பதிவுக் கருவி உண்டு. பழைய கருவிகள் கடைசி 12 மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழசின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். 2014 ஜூலைக்குப் பிறகு பொருத்தியவை 48 மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். 2017 ஜனவரி 28ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி, எர்ணாவூர்க் கரையில் எண்ணெயை வாளியில் அள்ளினார்களே, அந்த மாதிரி விபத்து நடந்தால் கேப்டன் உடனே செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று, பதிவைக் காப்பாற்றும் பட்டனை அமுக்குவது. மறந்தால் சாட்சியின் மேலேயே புதுசு ஏறிவிடும்.

பாஷ் சொந்த புத்தியில் மனசில் வைத்துக்கொள்வது 500 வரி. உபுண்டு போன்றவற்றில் 1000 என்று ஏற்றி வைத்திருக்கிறார்கள். சீனியர் இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பானவராக இருந்திருந்தால் பழைய கட்டளை 500ஐத் தாண்டி விழுந்திருக்கும். நல்லவேளை, அப்படி இல்லை. கன்ட்ரோல்-ஆர், கோடெகோவின் முதல் நாலு எழுத்து. வந்து நின்றது, ரெண்டு வரிக்கு வளைந்து. பையனின் கை தன்னாலே என்டருக்குப் போனது. தட்டிவிட்டேன். பார்க்காமல் ஓட்டக்கூடாது. எஸ்கேப் அமுக்கினால் கட்டளை வரியில் இறங்கி நிற்கும், ஓடாது. வேண்டாமென்றால் கன்ட்ரோல்-ஜி, தேடலே ரத்து. இறக்கிப் பார்த்தால் உள்ளே மார்ச் மாசத் தேதி ஒன்று. அப்படியே ஓட்டியிருந்தால் கப்பல் கம்பெனிக்கு மார்ச் மாசப் பெட்டிகள் மறுபடி கேட்டுக்குள் நுழைந்திருக்கும்! தேதியை மாற்றி ரெண்டு தடவை ஓட்டினோம். பத்து ஐம்பதுக்கு ரெண்டு நாள் கோப்பும் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது. பையன் டீ வாங்கி வந்தான். சர்க்கரை தூக்கல்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரில் 'புள்ளி பாஷ்-ஆர்-சி' என்று ஒரு கோப்பு ஒளிந்திருக்கும். பாஷ் திறக்கும்போதெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காரும். அதில் 'எஸ்-டி-டி-ஒய்', இடம், 'மைனஸ் ஐ-எக்ஸ்-ஓ-என்' என்று ஒரு வரி போடுங்கள். டெலிடைப் காலத்துக் கேட் ஒழிந்தது. கன்ட்ரோல்-எஸ் முன்னால் தேடும் வேலையை ஒழுங்காகச் செய்யும். 'ஹிஸ்ட்சைஸ்', 'ஹிஸ்ட்ஃபைல்சைஸ்' ரெண்டையும் பெரிய எழுத்தில் எழுதி 500ஐ 50000 ஆக்குங்கள். எழுத்துதானே, இடம் ஒன்றும் அடைக்காது. 'ஷாப்ட் மைனஸ் எஸ் ஹிஸ்ட்அப்பெண்ட்' போட்டால் பழைய பேரேட்டை மேலெழுதாமல் கடைசியில் சேர்க்கும். முக்கியமானது 'ப்ராம்ப்ட்-கமாண்ட்' என்கிற வரி. அதற்குச் சமமாக அந்த 'ஹிஸ்டரி மைனஸ் ஏ'வை மேற்கோளுக்குள் வைத்தால், ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் அப்போதைக்கப்போதே பேரேட்டில் ஏறும். கரன்ட் போனாலும் கவலை இல்லை. 'ஹிஸ்ட்டைம்ஃபார்மட்' கொடுத்தால் எந்தத் தேதியில் அடித்தது என்பதும் சேர்ந்து வரும். கணக்கு எழுதுகிறவனுக்குத் தேதி இல்லாத வரி வரியே இல்லை.

கன்ட்ரோல்-ஆர் ஒரு சமயத்தில் ஒரு வரிதான் காட்டுகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு இப்போது புதுத் தேடல் கருவிகள் வந்திருக்கின்றன. 2013ல் வந்த எஃப்-இஸட்-எஃப், எழுத்து முன்னே பின்னே இருந்தாலும் ஊகித்து, பட்டியலாகவே போடும். 2021ல் வந்த அட்டுயின், பேரேட்டையே தரவுத்தளமாக மாற்றிவிடும். எந்த ஃபோல்டரில் அடித்தது, ஒழுங்காக ஓடியதா என்பது வரை வைத்திருக்கும். ஹெச்-எஸ்-டி-ஆர் என்று இன்னொன்று. இதில்தான் சமீபத்தில் பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கட்டளை பட்டியலில் தெரிகிறது, தேர்ந்தெடுத்தால் வரியில் வந்து இறங்கவில்லை!

காரணம் கருவியில் இல்லை. நீங்களே தட்டியது போல உங்கள் டெர்மினலில் எழுத்துகளைத் திணிக்க யூனிக்ஸில் ஒரு பழைய கள்ளச் சாவி உண்டு. ஹெச்-எஸ்-டி-ஆர் அதை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தியது. கெட்டவன் கையில் கிடைத்தால் உங்கள் பெயரில் கட்டளை ஓட்டிவிடுவான். அதனால் ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் 2017லேயே அதைத் தூக்கி எறிந்தார்கள். லினக்ஸில் 2023ல் வந்த 6.2 கெர்னல், அதைப் பூட்டி வைக்க வழி செய்தது. பூட்டைத் திறந்துவிடு என்று சில மேதாவிகள் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஹெச்-எஸ்-டி-ஆரின் புதுப் பதிப்பைப் போட்டு, அது சொல்லித் தரும் பாஷ் அமைப்பு வரிகளைச் சேர்த்தால், கள்ளச் சாவி இல்லாமல் முன்வாசல் வழியாகவே கட்டளை வந்து இறங்கும்.

ஒரு விஷயம் பாக்கி. அன்றைக்கு ஒண்ணாம் நம்பர் திரையில் வந்து நின்ற கட்டளையில், நடுவில் கப்பல் கம்பெனி சர்வரின் பாஸ்வேர்டும் பச்சையாக இருந்தது. மேல் அம்பு ஜாதிக்கு இது பரம்பரை வியாதி. 'ஹிஸ்டரி மைனஸ் ஏ' போட்டு நான் காப்பாற்றியதில் அதுவும் அடக்கம். அந்த லாகினில் உட்காரும் யார் வேண்டுமானாலும் இனி படிக்கலாம். 'ஹிஸ்ட்கன்ட்ரோல்' என்பதற்கு 'இக்னோர்ஸ்பேஸ்' கொடுத்து வைத்தால், முன்னால் ஓர் இடம் விட்டு அடிக்கிற கட்டளை ஞாபகத்திலேயே ஏறாது. அதைவிட உத்தமம், பாஸ்வேர்டைத் தனிக் கோப்பில் வைத்து உரியவர் மட்டும் படிக்கும்படி பூட்டிவிடுவது. அந்த யார்டில் அப்படித்தான் செய்து கொடுத்தேன். பாஸ்வேர்டையும் உடனே மாற்றச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து மேனேஜரை ராயபுரம் மார்க்கெட்டில், ஒரு கையில் வஞ்சிரமும் இன்னொரு கையில் குடையுமாகப் பார்த்தேன். பையன் வேலையில் இருக்கிறான், இப்போது ஒரு நோட்டும் போட்டிருக்கிறானாம். பாஸ்வேர்டு மாற்றியாச்சா என்று கேட்டேன்.

"அன்னிக்கே மாத்தியாச்சு சார். யாராவது மறந்துடப் போறாங்கன்னு மானிட்டர்லயே எழுதி ஒட்டியும் வெச்சாச்சு."